எட்டு நாற்காலி, ஒன்பது பேர்

"இன்னைக்கு அதிர்ஷ்டம் கூட வந்திருக்கா?" என்று வாசலில் கையெழுத்து வாங்கிய பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அத எங்க விக்கிறாங்கன்னு தெரியல கண்ணு," என்றாள் ஓஸெல்லா. "அறுநூறு டாலர்தான் கொண்டு வந்தேன். இந்தா, எண்ணிக்கோ."

ஜூலை மாதத்து லாஸ் வேகஸ். காலை பத்தரைக்கே வெளியே தார் இளகிக் கிடந்தது. உள்ளே பனி கொட்டுவது போலக் குளிர். இந்த ஊரில் பிறந்தவள் ஆகையால் ஓஸெல்லா புரூயிட் கம்பளிச் சட்டையோடுதான் வந்திருந்தாள். வெளியூர்க்காரர்கள் அரைக்கால் சட்டையில் வந்து மூன்றாவது மணி நேரத்தில் நடுங்குவார்கள். நடுங்குகிறவன் அவசரப்படுவான். அவசரப்படுகிறவன் சில்லுகளை இழப்பான்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. பத்தொன்பது வயதிலிருந்து ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். ஒரு நாளைக்குப் பதினைந்து அறை, சில நாள் பதினாறு. பணியாளர்கள் தாங்கள் வேலை செய்யும் ஓட்டலில் ஆடக்கூடாது என்பது விதி. அதனால் நான்கு தெரு தள்ளி, இந்த ஓட்டலுக்கு வந்திருக்கிறாள். ஆண்டுக்கு ஒரு முறை, தலையணைக்கடியில் விருந்தினர் விட்டுப்போகும் ஒற்றை டாலர்களைச் சேர்த்து அறுநூறானதும் இந்த ஒரே ஆட்டத்துக்குத்தான் வருவாள். பதினோரு ஆண்டாக வருகிறாள். ஒரு முறை கூட வென்றதில்லை.

இது போக்கர் சீட்டாட்டப் போட்டிக்கான நுழைவாட்டம். மறுநாள் தொடங்கவிருக்கும் பெரிய போட்டியில் ஒரு நாற்காலிக்குப் பத்தாயிரம் டாலர். அதைக் கையிலிருந்து போட முடியாதவர்கள் இங்கே அறுநூறு கொடுத்து மோதுவார்கள். இன்று வந்தவர்கள் நூற்று நாற்பத்துநான்கு பேர். வசூல் எண்பத்தாறாயிரத்து நானூறு. அதில் எண்பதாயிரம் எட்டு நாற்காலிகளுக்குப் போகும். மீதி ஆறாயிரத்து நானூறு ஓட்டலுக்கு. ஓட்டல்காரன் ஒரு சீட்டைத் தொடவில்லை, ஒரு முறை கூட வியர்க்கவில்லை. முதல் சீட்டு விழும் முன்பே இந்த அறையில் வென்றுவிட்ட ஒரே ஆள் அவன்தான். அவனை யாரும் சூதாடி என்று திட்டுவதில்லை. தொழிலதிபர் என்கிறார்கள்.

ஆட்டத்தின் சட்டம் சுருக்கமானது. ஆளுக்கு இருபதாயிரம் சில்லு; அது பணம் அல்ல, ஆட்டக் கணக்கு. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஏழில் சிறந்த ஐந்தை வைத்திருப்பவன் வெல்வான். கை பிடிக்காவிட்டால் சீட்டை மூடியே திருப்பிக் கொடுத்து மடித்துவிடலாம். பணயத்துக்கு எல்லை கிடையாது. எப்போது வேண்டுமானாலும் இருக்கும் சில்லு மொத்தத்தையும் நடுவில் தள்ளலாம். தோற்றால் எழுந்து போக வேண்டும். எட்டுப் பேர் மிஞ்சும்வரை ஆட்டம் நடக்கும். அந்த எட்டுப் பேருக்கும் கிடைப்பது ஒரே பரிசு. மலை போலச் சில்லு வைத்திருந்தவனுக்கும் ஒரு நாற்காலி, ஒற்றைச் சில்லோடு தொங்கிக்கொண்டிருந்தவனுக்கும் ஒரு நாற்காலி. ஒன்பதாவது ஆளுக்கு ஒன்றும் இல்லை.

ஓஸெல்லாவின் பெற்றோர் லூசியானா பருத்திக் காடுகளிலிருந்து இங்கே வந்தவர்கள். அம்மா, கேட்ட பாதிரிமாருக்கெல்லாம் காணிக்கை கொடுத்தாள். அப்பா, கண்ட சூதாட்ட இயந்திரத்திலெல்லாம் காசு போட்டார். இரண்டும் ஒரே பழக்கம் என்பது ஓஸெல்லாவுக்குப் பன்னிரண்டு வயதிலேயே புரிந்துவிட்டது. கொடுப்பது கையில் தெரியும். திரும்பி வருவது கனவில்தான் தெரியும். அவள் சீட்டாடக் கற்றது ஒரு வேலைநிறுத்தப் பந்தலில். மூன்றரை ஆண்டு, ஒரு நாள் விடாமல், ஓட்டல் வாசலில் முறை வைத்து நின்ற நாட்கள் அவை. பெண்கள் பீன்ஸ் விதைகளைப் பணயம் வைத்து ஆடினார்கள். சீட்டைக் கலைக்கும்போது மற்றவர்கள் இயேசுவைக் கூப்பிட்டார்கள். ஓஸெல்லா நூலகத்துக்குப் போய் நிகழ்தகவுப் புத்தகம் எடுத்து வந்தாள். ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் ஆயிரத்து முந்நூற்று இருபத்தாறு என்று அவளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த நாள், அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடமிருந்து பறிக்க முடியாத முதல் சொத்து கிடைத்த நாள்.

அந்தச் சொத்தோடு ஒரே ஒரு முறை பெரிய மேசையில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஒவ்வொரு கோடையிலும் அந்தப் போட்டிக்கு வருகிறவர்களின் ஈரத் துண்டுகளை அவள்தான் எடுக்கிறாள். குளியலறைத் தரையில் அவர்கள் எறிந்துவிட்டுப் போன காகிதங்களில் ஆட்டக் குறிப்புகள் இருக்கும். படித்துப் பார்ப்பாள். பாதிக்கு மேல் தப்பாக இருக்கும்.

மதியத்துக்குள் அறுபது பேர் எழுந்து போனார்கள். மாலை நான்குக்கு மிஞ்சியவர்கள் முப்பத்தொருவர். ஓஸெல்லா கடைசியாகச் சீட்டைத் திறந்து காட்டி ஒரு மணி நேரமாகியிருந்தது. மடி, மடி, மடி. ஐந்து மணிக்கு ஒரு ராஜா ஜோடியை வைத்து ஒரு பல் மருத்துவரைக் காலி செய்தாள். பிறகு மறுபடி மடி. இடைவேளையில் வறுத்த கோழி மடித்த ரொட்டியைக் கழிப்பறை வாசலில் நின்றபடியே தின்றாள். முழங்கால் வலிக்குக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். ஆறரைக்கு ஒரே மேசை மிஞ்சியது. ஒன்பது பேர்.

எட்டு நாற்காலி, ஒன்பது பேர். இன்னும் ஒரே ஒருவர் எழ வேண்டும்.

மேசையின் பெரிய கை ட்ரென்ட் என்பவனுடையது. அரிசோனாவில் நிலம் வாங்கி விற்பவன். நாற்பது வயது, அறைக்குள் கறுப்புக் கண்ணாடி. அவனிடம் பதினோரு லட்சம் சில்லு. அவன் நாற்காலி உறுதி. இனி தூங்கினாலும் அவனுக்கு இடம் உண்டு. ஆனால் சிலருக்குத் தான் வெல்வது போதாது, எதிரே இருப்பவன் கெஞ்ச வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மொத்தத்தையும் தள்ளி மற்றவர்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்தான்.

ஓஸெல்லாவிடம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அவளுக்கு இடப்பக்கம் நெப்ராஸ்காவிலிருந்து வந்த சோள விவசாயி ஆர்வில் நைகார்ட், எழுபத்திரண்டு வயது. அவரிடம் வெறும் அறுபதாயிரம். மற்ற ஆறு பேரும் இரண்டரை லட்சம் வாக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டுப் போட்டவள் ஹிரூத். அடிஸ் அபாபாவிலிருந்து வந்து இங்கே எட்டு ஆண்டாயிற்று. அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாற்றுவது வழக்கம். ஆனால் கூட்டம் குறைந்ததும், கூலியை மிச்சம் பிடிக்க, நிர்வாகம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இரண்டு மணி நேரமாக ஹிரூத் எழவில்லை. தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

"என்ன வேல பாக்கற, ஸ்வீட்டி?" என்று ட்ரென்ட் கேட்டான்.

"ரூம் கிளீன் பண்றேன்."

"அப்படிப் போடு! ஒரு நாளைக்கு எத்தன?"

"பதினஞ்சு."

"என் ரூமும் பண்ணியிருப்பியோ என்னமோ."

"இந்த ஓட்டல் இல்ல சார் நான். ஆனா நீங்க ரூம எப்படி விட்டுட்டுப் போவீங்கன்னு பாக்காமயே சொல்லுவேன்."

மேசை சிரித்தது. பச்சைத் தொப்பி போட்ட ஓர் இளம் ஆசிரியை இருமுவது போல வாயை மூடிக்கொண்டாள். ட்ரென்ட்டின் கழுத்து சிவந்தது. தன் மடித்த சீட்டுகளை ஹிரூத்தின் விரல்மேல் படும்படி எறிந்தான்.

"சீட்டு என் கைக்கு வரணும் சார், கைமேல வரக்கூடாது," என்றாள் ஹிரூத், தலை நிமிராமல்.

"நீ ஒழுங்கா சீட்டுப் போடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அடுத்த ஆட்டம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகச் சில்லு வைக்க வேண்டும். சின்ன முன்பணயம் பதினைந்தாயிரம், பெரியது முப்பதாயிரம். முறை இடப்பக்கமாக நகரும். இப்போது பெரியது ஓஸெல்லாவின் முறை, அடுத்து ஆர்விலின் முறை. ஓஸெல்லா முப்பதாயிரம் வைத்தாள். சீட்டுகள் வந்தன. எல்லோரும் மடிக்க, ட்ரென்ட் இரண்டு கையாலும் மலையை முன்னே தள்ளினான்.

"ஆல் இன்."

ஓஸெல்லா சீட்டின் மூலையைக் கட்டைவிரலால் தூக்கினாள். ஏஸ். அடுத்ததைத் தூக்கினாள். இன்னொரு ஏஸ்.

இருநூற்று இருபத்தொரு முறைக்கு ஒரு முறைதான் இது வரும். இதைவிடப் பெரிய கை, சீட்டுப் போட்டவுடன், இந்த ஆட்டத்தில் கிடையாது. காலையிலிருந்து ஒரு தடவை கூட வராதது, இப்போது வந்திருக்கிறது. எதிரே ட்ரென்ட் எதை வைத்திருந்தாலும் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து முறை அவள்தான் வெல்வாள். அவன் கண்ணாடி தெறிக்க அவனை உரிக்கலாம்.

அவள் கையை மேசைத் துணியில் வைத்துக்கொண்டாள்.

வென்றால் என்ன கிடைக்கும்? ஒரு நாற்காலி. மடித்தால்? அடுத்த ஆட்டத்தில் ஆர்வில் தன் அறுபதில் முப்பதை வைத்தே ஆக வேண்டும். கிழவர் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுவார் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். மடித்தாலும் அதே நாற்காலி. ஒருத்தி இரண்டு நாற்காலியில் உட்கார முடியாது. எதற்காக நூற்றுக்குப் பதினைந்து முறை கிணற்றில் குதிக்க வேண்டும்? ட்ரென்ட்டின் கழுத்து இன்னும் கொஞ்சம் சிவப்பதைப் பார்க்கவா? அது கோபம். கோபத்துக்குக் கணக்குத் தெரியாது.

"என்ன ஸ்வீட்டி, துண்டு மடிக்கறியா?"

ஓஸெல்லா இரண்டு ஏஸையும் முகம் காட்டாமல் ஹிரூத்திடம் தள்ளினாள்.

ட்ரென்ட் கைதட்டிச் சிரித்துத் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஏழும் இரண்டும். ஆட்டத்திலேயே மட்டமான கை. "ஏழு ரெண்டுக்கு பயந்தியே! வீட்ல போய் சொல்லு!"

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சில்லுகளை எண்ணினாள். இப்போது அவளிடம் ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

அடுத்த ஆட்டம். ஓஸெல்லா சின்ன முன்பணயம் பதினைந்து வைத்தாள். ஆர்வில் முப்பது வைத்தார். ட்ரென்ட், சரியாக அவரைத் தீர்க்கும் அளவு, அறுபதாயிரம் எறிந்தான். மற்றவர்கள் மடித்தார்கள். ஓஸெல்லாவும் மடித்தாள்.

ஆர்வில் சீட்டைப் பார்த்தார். "பாதி உள்ள போயிடுச்சு. மீதிய வச்சு என்ன பண்றது? ஊருக்கா கொண்டுபோறது?" என்று கடைசி முப்பதையும் தள்ளினார்.

ஒருவர் மொத்தத்தையும் வைத்துவிட்டால் சீட்டைத் திறந்து போட வேண்டும். ட்ரென்ட் ஏஸ், ராஜா. ஆர்வில் ஐந்து, மூன்று. கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டம் 'ஹோ' என்றது. ஹிரூத் நடுவில் மூன்று சீட்டு விரித்தாள். ராஜா. ஏஸ். நாலு.

ட்ரென்ட்டுக்கு இரண்டு ஜோடி. அவன் மேசையைக் குத்தினான். யாரோ "முடிஞ்சுது!" என்று கத்தினார்கள். நாலாவது சீட்டு பத்து. இதற்குள் இரண்டு பேர் எழுந்து ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். ஒருவன் மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் ஐந்தாவது சீட்டு விழுந்ததை அநேகமாக யாரும் பார்க்கவில்லை. இரண்டு.

"ரெண்டு ஜோடி, ஏஸ், ராஜா," என்று ஹிரூத் சொல்லிச் சில்லுக் குவியலை ட்ரென்ட் பக்கம் நகர்த்தத் தொடங்கினாள். குரல் வறண்டிருந்தது. ஆர்வில் எழுந்து, நாற்காலி முதுகில் தொங்கிய மேல்சட்டையை எடுத்தார்.

ஓஸெல்லா பார்த்தாள். ஆர்விலின் ஐந்து, மூன்று. நடுவில் ஏஸ், இரண்டு, நாலு. ஏஸ் ராஜாவுக்கு மேலே மட்டும் அல்ல, இரண்டுக்குக் கீழேயும் நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. முழு வரிசை. வரிசை முன் இரண்டு ஜோடி நிற்காது. கிழவர் வென்றிருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை.

ஹிரூத்தின் கை பொதுச் சீட்டுகளை வாரப் போகிறது. வாரிக் கலைத்துவிட்டால் தீர்ந்தது. நடந்தது நடந்ததுதான், முறையிட வழியில்லை. மூன்று விநாடி, மிஞ்சினால் நான்கு.

அவள் தலையைத் திருப்பினாள். பச்சைத் தொப்பி ஆசிரியையின் கண்கள் அந்த இரண்டாம் எண் சீட்டின் மேலேயே இருந்தன. பிறகு அவை ஓஸெல்லாவைப் பார்த்தன. பிறகு தாழ்ந்தன.

ஆக, பார்த்தவள் அவள் ஒருத்தி மட்டும் அல்ல.

பேசாமல் இருந்தால் இந்த நொடியே நாற்காலி அவளுக்கு. பதினோரு ஆண்டு. யாரும் குற்றம் சொல்ல முடியாது, பார்க்கவில்லை என்றால் போதும். இரண்டு ஏஸை மடித்தவள், இதையும் மடிக்கலாம். ஆனால் ஏஸ்கள் அவளுடையவை. இது அவளுடைய கை அல்ல. உலகத்தில் பாதித் திருட்டு இப்படித்தான் நடக்கிறது. எடுப்பவன் ஒருவன். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தி, தன் பங்குக்கு நாற்காலி வாங்கிக்கொள்கிறவர்கள் ஏழு பேர்.

"ஹிரூத், நில்லு! சீட்டத் தொடாத!"

ஹிரூத்தின் கை காற்றில் நின்றது.

"பெரியவருக்கு வரிசை இருக்கு. ஏஸ்ஸ ஒண்ணா வச்சு எண்ணிப் பாரு."

ஹிரூத் எண்ணினாள். அவள் முகம் வெளுத்தது. "ஐயோ."

"அவ கையில சீட்டே இல்ல, அவ எப்படிப் பேசலாம்?" என்று ட்ரென்ட் எழுந்துவிட்டான். "மேனேஜரக் கூப்பிடு! அந்தாளு எழுந்து போயாச்சு! முடிஞ்சுபோன ஆட்டம்!"

மேற்பார்வையாளர் பெர்னல் வந்தார். மெலிந்த மனிதர், கோட்டில் ஓட்டல் சின்னம். குனிந்து விரலால் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டார். "திறந்து போட்ட சீட்டு தானே பேசும் சார். யார் கவனிச்சாலும் சொல்லலாம், சொல்லணும். வரிசை. குவியல் அவருக்கு."

ஆர்வில் மேல்சட்டையில் ஒரு கை நுழைந்தபடி நின்றார். "ஏஸ் கீழயும் வருமா? எங்க ஊர் சர்ச் அடித்தளத்துல நாப்பது வருஷமா ஆடறோம். ஏஸ்ஸுன்னா மேல மட்டுந்தான். அதான் சட்டம்."

"அது உங்க ஊர்ச் சட்டம் பெரியவரே," என்றார் பெர்னல். "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். முன்னால் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். ஓஸெல்லா பக்கம் சாய்ந்தார், கண் கலங்கியிருந்தது. "கடவுள்தாம்மா உன் வாயில வந்து பேசினாரு."

"நாந்தான் பேசினேன். அவரு எங்க உக்காருவாரு? ஏற்கெனவே ஒம்பது பேரு இருக்கோம்."

தழுவிக்கொண்டவர்கள் விலகி உட்கார்ந்தார்கள். தொலைபேசிக்காரன், "இல்ல, இன்னும் இல்ல... ஒரு பொம்பள கெடுத்துட்டா," என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ட்ரென்ட் இழந்தது அறுபதாயிரம், அவன் மலையில் ஒரு கைப்பிடி. ஆனாலும் அவன்தான் அதிகம் கத்தினான். அதுவும் ஓஸெல்லாவை நோக்கி அல்ல. "ஒண்ணுலேந்து அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதவள எவன் வேலைக்கு வச்சான்? அவள மாத்து! இப்பவே!"

பெர்னல் ஹிரூத்தின் தோளைத் தட்டினார். "எழுந்திரு. ஓய்வறையில இரு. உன் பேர்ல புகார் எழுதணும்."

"ரெண்டு மணி நேரமா அவளுக்கு மாத்து ஆளே வரல," என்றாள் ஓஸெல்லா. "அந்தப் புகார யாரு பேர்ல எழுதுவீங்க?"

"மேடம், நீங்க உங்க ஆட்டத்தப் பாருங்க."

வேறொரு ஆள் சீட்டுப் போட உட்கார்ந்தான். கடிகாரம் புது நிலையைக் காட்டியது. முன்பணயம் இருபது, நாற்பதாயிரமாக உயர்ந்தது.

ஓஸெல்லா எண்ணினாள். அவளிடம் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். ஆர்விலுக்கு அடுத்து மிகக் குறைவு அவளுக்குத்தான். மேசை ஒரு சுற்று சுற்றுவதற்குள் யாராவது விழ வேண்டும். யாரும் விழவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் ஆர்விலுக்கு ராணி ஜோடி வந்தது. ட்ரென்ட்டின் மிரட்டலுக்கு அதையே பதிலாக வைத்து வென்று, கிட்டத்தட்ட மூன்று லட்சத்துக்குப் போய்விட்டார். அதோடு ட்ரென்ட் கொஞ்சம் அடங்கினான். மற்றவர்கள் நத்தை போல ஓட்டுக்குள் சுருண்டார்கள். ஓஸெல்லாவுக்கு வந்தவை: ஒன்பது நாலு, ஜாக்கி இரண்டு, எட்டு மூன்று. மடி, மடி, மடி. பெரிய முன்பணயம் அவள் முறைக்கு வந்தது. நாற்பது வைத்தாள். வந்தது ஒன்பதும் மூன்றும். யாரோ மொத்தமும் தள்ள, மடித்தாள். ஒரு லட்சத்து இருபத்தைந்து.

இப்போது மேசையில் மிகக் குறைந்த சில்லு அவளிடம்தான்.

அடுத்த ஆட்டத்தில் சின்ன முன்பணயம் இருபது வைத்தாள். இடப்பக்கம் ஆர்வில் நாற்பது வைத்தார். சுற்றிலும் ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக மடித்தார்கள், தீயைத் தொடாமல் விலகுவது போல. இவர்கள் இரண்டு பேரும் மோதட்டும், யாராவது ஒருவர் சாகட்டும் என்பதுதான் எல்லோருடைய வேண்டுதல்.

ஓஸெல்லா மூலையைத் தூக்கினாள். ஏஸ். பத்து.

நல்ல கை. காத்திருந்தால் மீதி ஒரு லட்சத்து ஐந்தாயிரம் இன்னொரு சுற்றில் உருகிவிடும். தள்ளினால் ஆர்வில் பத்துக்கு ஏழு முறை மடித்தாக வேண்டும், அவருக்கு அதுதான் புத்தி. கணக்கு ஒரே பக்கம் காட்டியது.

"ஆல் இன்," என்றாள்.

ஆர்வில் தன் சீட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஓஸெல்லாவின் முகத்தைப் பார்த்தார். தாடை அசைந்தது. சீட்டுகளை மெல்ல முன்னே தள்ள ஆரம்பித்தார், மடிப்பதற்கு. தள்ளும் விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. கெட்ட கையை ஒருவன் இப்படித் தடவிக்கொடுத்து அனுப்பமாட்டான்.

"பெரியவரே," என்றாள் தாழ்ந்த குரலில். "என் மூஞ்சியப் பாக்காதீங்க. சீட்டப் பாருங்க."

"நீ இல்லேன்னா நான் இங்க உக்காந்தே இருக்க மாட்டேன்மா."

"அதுக்காக மடிச்சீங்கன்னா அது மத்த ஏழு பேருகிட்டேயும் திருடறது. எனக்குத் திருட்டுச் சீட்டு வேணாம். ஆடுங்க."

"இதென்ன பேச்சு!" என்று ட்ரென்ட் ஆரம்பித்தான். பெர்னல் கையைத் தூக்கி அடக்கினார். அறையே அடங்கியது.

ஆர்வில் சீட்டுகளைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "சரி. பாத்துடலாம்."

அவர் திறந்து போட்டது இரண்டு ஒன்பதுகள், ஒரு ஜோடி.

அவளுக்கு நூற்றுக்கு நாற்பத்தைந்து. நியாயமான சண்டை. நடுவில் மூன்று: ராணி, ஜாக்கி, நாலு. இப்போது ராஜா வந்தாலும் அவளுக்கு வரிசை. நாலாவது, இரண்டு. இனி ஒரே சீட்டு. கண்ணுக்குத் தெரியாதவை நாற்பத்துநான்கு. அதில் மூன்று ஏஸ், மூன்று பத்து, நான்கு ராஜா. பத்துச் சீட்டு அவளுக்கு உயிர், முப்பத்துநான்கு அவருக்கு. சீட்டுக் கட்டுக்கு யார் நல்லவர் என்பது தெரியாது. அது அட்டை.

ஐந்தாவது சீட்டு ஆறு.

இந்த முறை இரைச்சல் நிஜமாகவே வெடித்தது. ஏழு பேரும் எழுந்தார்கள். ஆர்வில் எழவில்லை. ஓஸெல்லா எழுந்தாள். பச்சைத் தொப்பி ஆசிரியை அருகில் வந்தாள். "நல்லா ஆடு நாளைக்கு," என்று ஓஸெல்லா அவளுக்குக் கைகொடுத்தாள்.

"மன்னிச்சிடும்மா," என்றார் ஆர்வில்.

"எதுக்கு? உங்க சீட்டு ஜெயிச்சுது. நாளைக்கு ஏஸ்ஸ ரெண்டு பக்கமும் எண்ணுங்க, அது போதும்."

வாசலுக்குப் போகும் வழியில் பெர்னலின் மேசை. அவர் நாற்காலிச் சீட்டுகளை எட்டுப் பேருக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஓஸெல்லா நின்றாள்.

"ஹிரூத் பேர்ல எழுதற காகிதத்துல சாட்சி பக்கம்னு ஒண்ணு இருக்கும்ல? குடுங்க."

"மேடம், நீங்க வெளிய போயிட்டீங்க. உங்களுக்கு இதுல என்ன?"

"நான் பார்த்தவ. முப்பத்தெட்டு வருஷமா ஓட்டல்ல வேல பாக்கறேன், இருபத்தொரு வருஷமா யூனியன் பிரதிநிதி. இந்தக் காகிதம் எனக்கு உங்களவிட நல்லா தெரியும். குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் உட்கார இடம் தேடினாள். காலியாக இருந்தது அவள் விட்டு வந்த நாற்காலிதான். அங்கே போகாமல், சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு எழுதினாள்: மாலை நாலரையிலிருந்து ஆறரைக்குப் பின்னும் இந்த மேசைக்கு மாற்று ஆள் அனுப்பப்படவில்லை. தண்ணீர் தரப்படவில்லை. பிழை நடந்தது இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு. பிழையைச் சீட்டுப் போட்டவர் உடனே ஒப்புக்கொண்டார். ஓர் ஆட்டக்காரர் அவர் கைமேல் சீட்டை எறிந்தார், அதற்குப் புகார் எழுதப்படவில்லை.

கீழே பெயர், கையெழுத்து. தொழில் என்ற இடத்தில் 'அறை சுத்தம் செய்பவர்' என்று எழுதிவிட்டு, ஓய்வறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு, காகிதத்தின் நகலோடு ஹிரூத்தைத் தேடிப் போனாள்.